கம்பிப்புழுவுக்கு வைத்த விஷம்

சொடக்குப் போட்டால் ஒரு சத்தம் வருமல்லவா? அதே சத்தத்தோடு துள்ளுகிற ஒரு வண்டு உண்டு. அதை மல்லாக்கப் புரட்டிப் போட்டால் மற்ற வண்டுகளைப் போலக் காலை உதைத்துக்கொண்டு கிடக்காது. கொஞ்ச நேரம் செத்தது போல அசையாமல் இருக்கும். பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம். வண்டு காற்றில் எகிறிக் குட்டிக்கரணம் போட்டு விழும். எலாட்டரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்த வண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 வகைகள் இருக்கின்றன. சொடக்கு வண்டு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இந்தத் துள்ளலுக்குக் கால்கள் உதவுவதில்லை என்பதுதான் வேடிக்கை. வண்டின் மார்பின் முன்பகுதியில், அடிப்பக்கமாக, ஒரு சிறு முளை இருக்கிறது. அதற்கு நேர் பின்னால் ஒரு குழி. வண்டு உடலை வில்லாக வளைக்கும்போது முளை குழியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். தசைகள் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் முளை விளிம்பிலிருந்து வழுக்கிக் குழிக்குள் இறங்க, அதுவரை சேர்த்து வைத்த விசை முழுவதும் ஒரே நொடிக்குள் வெளிப்படும். எவான்ஸ் என்ற விலங்கியலாளர் 1972-ல் இதை அளந்து எழுதினார். ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்லாத வண்டு 30 சென்டிமீட்டர் உயரம் வரை எழும்புகிறது. அப்போது அதன் உடல் தாங்குகிற முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சுமார் 380 மடங்கு!

விலங்கியல் படிக்கிறவர்களுக்கு இது அதிசயம். ஆனால் இங்கிலாந்தின் விவசாயிக்கு இந்த வண்டைப் பார்த்தால் வேறு நினைவு வரும். ஏனென்றால் அவருக்கு வண்டை விட அதன் பிள்ளையைத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையைக் கொல்ல நானூறு ஆண்டுகளில் என்னென்ன செய்தார்கள், அதற்கான விலையைக் கடைசியில் யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

மண்ணுக்குள் ஐந்து வருடம்

சொடக்கு வண்டு பயிருக்குப் பெரிய கெடுதல் எதுவும் செய்வதில்லை. கோடையின் தொடக்கத்தில் புல்வெளி மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற புழு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், மெலிந்து, கெட்டியாக, வெட்டி எடுத்த செம்புக் கம்பித்துண்டு போல இருக்கும். அதனால்தான் அதற்குக் கம்பிப்புழு என்று பெயர். அக்ரியோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த மூன்று வகைகள்தான் இங்கிலாந்தில் முக்கியமான எதிரிகள்.

இந்தப் புழு நான்கு அல்லது ஐந்து வருடம் மண்ணுக்குள்ளேயே இருக்கும். புல்வெளியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அங்கே வேர்கள் ஏராளம், புழு தின்பது வெளியே தெரியாது. ஆனால் அந்தப் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தால் வந்தது வினை. பல வருடப் புழுக்கள் அத்தனைக்கும் அந்தக் கோதுமை நாற்று ஒன்றுதான் உணவு. தரைக்குக் கீழே தண்டைக் கடித்து உள்ளே நுழைந்துவிடும். மேலே பார்த்தால் நாற்று மஞ்சளாகிச் சாயும். உருளைக்கிழங்கு போட்டாலோ கிழங்கு முழுக்கத் துளை.

மண்ணுக்குள் இருக்கும் எதிரியை மனிதனால் பார்க்க முடியாது. ஆனால் பார்க்கத் தெரிந்த ஒரு பறவை இருந்தது. காக்கை இனத்தைச் சேர்ந்த ‘ரூக்’. கூட்டம் கூட்டமாக உழவு நிலத்தில் இறங்கி, நீண்ட அலகை மண்ணில் செருகிக் கம்பிப்புழுவையும் மற்ற புழுக்களையும் தோண்டித் தின்னும். அதே ரூக் விதைத்த தானியத்தையும் தின்னும். தானியம் தின்பது கண்ணுக்குத் தெரிகிறது. புழு தின்பது தெரிவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ரூக்கின் விதி எழுதப்பட்டது.

மூன்று தலைக்கு ஒரு பென்னி

1532-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. காக்கைகளும் ரூக்குகளும் தானியத்தை அழிக்கின்றன, ஆகவே ஒவ்வோர் ஊரும் அவற்றைப் பிடிக்க வலை வைத்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1566-ல் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் அது இன்னும் விரிவானது. தானியத்தைக் காப்பதற்காக என்று சொல்லி, கொல்லப்பட வேண்டிய பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஒரு விலைப்பட்டியலே போட்டார்கள். வளர்ந்த காக்கை, ரூக் போன்றவற்றின் மூன்று தலைகளைக் கொண்டுவந்தால் ஒரு பென்னி. ஆறு முட்டைகளுக்கும் ஒரு பென்னி.

பணத்தைக் கொடுத்தது ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகிகள். கொடுத்த பணத்துக்கு அவர்கள் கணக்கு எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்குப் புத்தகங்கள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டிலும் இப்படிப் பணம் கொடுத்த ஊர்கள் உண்டு. எத்தனை தலை, எத்தனை பென்னி என்று செலவுப் பக்கம் ஒழுங்காக இருக்கிறது. அந்த ரூக் உயிரோடு இருந்திருந்தால் எத்தனை கம்பிப்புழுவைத் தின்றிருக்கும் என்ற வரவுப் பக்கம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

ஆர்மெராட் அம்மையார்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூச்சிகளைப் பற்றி முறையாக ஆராய ஆரம்பித்தார்கள். அதில் மறக்கக் கூடாத பெயர் எலினார் ஆர்மெராட். 1828-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர் அல்ல. ஆனால் 1877-லிருந்து பயிர்ப்பூச்சிகளைப் பற்றி ஆண்டுதோறும் தன் சொந்தச் செலவில் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தார். அவருடைய முறை எளிமையானது. நாடு முழுவதும் உள்ள விவசாயிகளுக்குக் கேள்விகள் அனுப்புவார். வருகிற பதில்களைத் தொகுப்பார். 1882-ம் ஆண்டுக்கான அறிக்கையில் கம்பிப்புழுவுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். உருளை ஓட்டி மண்ணை இறுக்குவது போன்ற யோசனைகள் எல்லாம் விவசாயிகளின் அனுபவத்திலிருந்தே திரட்டப்பட்டன.

அரச வேளாண்மைச் சங்கம் அவரை 1882-ல் கௌரவப் பூச்சியியல் ஆலோசகராக நியமித்தது. சம்பளம் இல்லாத பதவி! 1900-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஆனால் இந்தக் கதைக்கு அவருடைய வேறு இரண்டு செயல்களும் முக்கியம். ஒன்று, சிட்டுக்குருவி விவசாயிக்கு எதிரி, அதைக் கொல்ல வேண்டும் என்று 1890-களில் அவர் துண்டுப் பிரசுரம் போட்டு இலவசமாகக் கொடுத்தார். பறவைகள் மேல் அன்பு கொண்டவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டாவது, ‘பாரிஸ் பச்சை’ என்ற ஆர்செனிக் விஷத்தைப் பழத்தோட்டப் பூச்சிகளுக்குத் தெளிக்கும்படி இங்கிலாந்தில் பரப்பியவர்களில் முன்னணியில் நின்றவர் அவரே. அதை அவர் பெருமையாகவும் நினைத்தார். பூச்சியைப் பொறுமையாகக் கவனித்துப் புரிந்துகொள்கிற ஒரு மனசும், விஷத்தை வைத்து உடனே தீர்த்துவிடலாம் என்கிற ஒரு மனசும் ஒரே ஆளிடம் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் இரண்டாவது மனசுதான் ஜெயித்தது.

போரும் புல்வெளியும்

1939. இரண்டாம் உலகப் போர் வாசலில் நிற்கிறது. பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாடு. கப்பல்களை ஜெர்மனி மூழ்கடித்தால் பட்டினிதான். எனவே பல காலமாக மேய்ச்சலுக்கு விட்டிருந்த புல்வெளிகளை உழுது பயிர் செய்தால் ஏக்கருக்கு 2 பவுண்டு தருவதாக அரசு அறிவித்தது. போர் முடிவதற்குள் சுமார் 60 லட்சம் ஏக்கர் புதிதாக உழவுக்கு வந்தது.

எந்த நிலத்தை உழச் சொன்னார்களோ அதற்கடியில்தான் கம்பிப்புழு குடியிருந்தது. விதைத்த கோதுமை முளைத்ததும் காணாமல் போனால் நாட்டின் சோற்றுக்கே ஆபத்து. ஆகவே 1939 முதல் 1942 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. பூச்சியியலாளர்கள் வயல் வயலாகப் போய் மண் மாதிரி எடுத்து, அதிலுள்ள புழுக்களை எண்ணி, ஏக்கருக்கு எத்தனை என்று கணக்கிட்டார்கள். சில புல்வெளிகளில் ஏக்கருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்தன!

கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் சால்ட், ஹாலிக் என்ற இருவர் மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் அலசிப் புழுக்களை மிதக்கவைத்துப் பிரிக்கிற முறையைச் செம்மைப்படுத்தினார்கள். கையால் பொறுக்கினால் கண்ணுக்குத் தப்பிவிடுகிற குட்டிப் புழுக்களும் இதில் சிக்கின. 1944-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள், மண்ணுக்குள் இருப்பது அதுவரை நினைத்ததை விட மிக அதிகம் என்று காட்டின.

இந்தக் கணக்கெடுப்பின் அழகே அதன் பயன்தான். புழு குறைந்த வயலில் கோதுமை போடலாம். நடுத்தரமாக இருந்தால் விதையைக் கூட்டிப் போட வேண்டும். மிக அதிகமாக இருந்தால் கோதுமையை விட்டுவிட்டு, புழுவைத் தாங்கக்கூடிய பட்டாணி, அவரை வகைகள், ஆளி போன்றவற்றைப் போட வேண்டும். பூச்சியைக் கொல்லாமலேயே, எண்ணிப் பார்த்து, அதற்கேற்பப் பயிரை மாற்றினார்கள். போர்க்கால நெருக்கடியிலும் இது நடந்தது.

இதே காலத்தில் ரூக்கையும் விசாரித்தார்கள். அது விவசாயிக்கு நண்பனா எதிரியா என்று தெரிந்துகொள்ள வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் ஜேம்ஸ் ஃபிஷர் என்ற பறவையியலாளர் நாடு தழுவிய ஆய்வில் இறங்கினார். எலிசபெத் காலத்தில் விசாரணை இல்லாமலே தண்டனை பெற்ற பறவைக்கு ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து விசாரணை கிடைத்தது.

விதையோடு விஷம்

போர் நடந்துகொண்டிருந்தபோதே புதிய மருந்துகள் வந்துவிட்டன. சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் 1939-ல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் தன்மையைக் கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் பி.எச்.சி. என்ற பொருளைச் சோதித்தார்கள். 1825-லேயே மைக்கேல் ஃபாரடே தயாரித்த பொருள்தான் அது. அதிலுள்ள ‘காமா’ என்ற ஒரு வடிவத்துக்குத்தான் பூச்சியைக் கொல்லும் சக்தி இருக்கிறது என்று 1940-களில் தெரிந்தது. 1997-ல் இந்தியாவில் தடை செய்யப்படும்வரை நம் ஊர் வயல்களில் தூவப்பட்ட பி.எச்.சி. பவுடரும் இதுதான்.

இந்தக் காமா பி.எச்.சி.யைக் கம்பிப்புழுவுக்கு எதிராக விதையிலேயே பூசிவிடலாம் என்று 1940-களின் பிற்பகுதியில் காட்டினார்கள். நம் ஊரில் விதை நேர்த்தி என்று சொல்வோமே, அதே முறை. வயல் முழுக்க மருந்து தூவ வேண்டாம். கொஞ்சம் மருந்து போதும், செலவும் குறைவு. புழு விதையைத் தேடி வரும், வந்தால் சாகும். மண்ணை அலசிப் புழு எண்ணுகிற வேலை இனி எதற்கு?

அடுத்து வந்தவை ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர். ஆல்டர், டீல்ஸ் என்ற இரண்டு நோபல் வேதியியலாளர்களின் பெயரால் முதல் இரண்டும் அழைக்கப்பட்டன. கோதுமைக் குருத்தைத் தின்னும் ஓர் ஈயையும் கம்பிப்புழுவையும் தடுக்க 1956 வாக்கில் இவை விதை நேர்த்தி மருந்தாகப் பரவலாயின. காமா பி.எச்.சி.யை விட இவை பல மடங்கு கொடியவை. எளிதில் சிதைவதும் இல்லை. உடலுக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும்.

இங்கேதான் பழைய கதை திரும்ப வருகிறது. விதைத்த தானியத்தைப் பறவைகள் தின்னும் என்பது எட்டாம் ஹென்றிக்கே தெரியும்! அதற்காகத்தானே சட்டம் போட்டார்? அப்படியிருக்க விதையில் விஷத்தைப் பூசினால் அது யார் வயிற்றுக்குப் போகும் என்று யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை.

செத்த புறாக்களும் நரிகளும்

1956-லிருந்து ஒவ்வொரு வசந்த காலத்திலும் கிழக்கு இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் பறவைகள் செத்து விழ ஆரம்பித்தன. முக்கியமாகக் காட்டுப்புறா, ஃபெசன்ட் கோழி, ரூக், தானியம் தின்னும் சிறு குருவிகள். இலையுதிர் காலத்தில் விதைக்கும்போது பறவைகளுக்கு வேறு தீனியும் கிடைக்கும். வசந்த காலத்திலோ வேறு தீனி குறைவு. எனவே கூட்டமாகப் புதிதாக விதைத்த வயலில்தான் இறங்கும். சில பறவைகள் வலிப்பு வந்தது போலத் துடித்துச் செத்தன.

1959-60 குளிர்காலத்தில் இன்னொரு மர்மம். நரிகள் தள்ளாடிக்கொண்டு பகலில் வெளியே வந்தன. மனிதரைக் கண்டும் ஓடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நரிகள் செத்தன. முதலில் ஏதோ வைரஸ் நோய் என்று நினைத்தார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. நரிகள் தின்றது செத்த காட்டுப்புறாக்களை. புறாக்கள் தின்றது விதைக் கோதுமையை. ஒரு புறாவில் இருந்த விஷம் நரியைக் கொல்லாமல் போகலாம். ஆனால் நரி ஒரு புறாவோடு நிறுத்துவதில்லையே!

பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையும் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கமும் 1960-ல் நச்சு வேதிப்பொருள்களுக்காக ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. எங்கே எந்தப் பறவை செத்துக் கிடந்தாலும் தகவல் அனுப்பும்படி மக்களைக் கேட்டார்கள். அதே ஆண்டில் மாங்க்ஸ் உட் என்ற இடத்தில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நச்சு மருந்துகளை ஆராயத் தனிப் பிரிவு தொடங்கியது. அதற்குத் தலைவர் நார்மன் மூர். வேதியியலும் கைகொடுத்தது. ஜேம்ஸ் லவ்லாக் 1957-ல் உருவாக்கிய நுண்ணிய கருவி ஒன்று, உடலில் இருக்கும் மிக மிகச் சிறிய அளவு மருந்தையும் காட்டிக்கொடுத்தது. அதுவரை ‘இருக்கலாம்’ என்று சொன்னவர்கள் இனி ‘இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்ல முடிந்தது.

1961-ல் அரசு, மருந்துக் கம்பெனிகள், விவசாயிகள் மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1962 முதல் வசந்த கால விதைப்புக்கு ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் பூசிய விதை கூடாது. சட்டம் இல்லை, மனமொப்பிய உடன்பாடு மட்டுமே. அதே 1962-ல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. இங்கிலாந்தில் செத்த பறவைகளையும் நரிகளையும் பற்றி அதிலும் எழுதியிருந்தார்.

புறாக்காரர்களின் மனு

இதற்கிடையே யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு திருப்பம். 1960-ல் தெற்கு வேல்ஸின் பந்தயப் புறா வளர்ப்போர் பிரிட்டிஷ் உள்துறைக்கு மனு கொடுத்தார்கள். பொரி வல்லூறு தங்கள் புறாக்களை அடித்துத் தின்கிறது, அது பெருகிவிட்டது, அதற்குக் கொடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை.

பொரி வல்லூறு உலகிலேயே வேகமாகப் பாய்கிற பறவை. குளிர்காலத்தில் தமிழகத்துக்கும் வந்து போகிறது. அதற்கு மனிதனோடு பழைய பகை உண்டு. போரின்போது செய்தி கொண்டுவரும் ராணுவப் புறாக்களை அது பிடித்துவிடும் என்று பிரிட்டிஷ் அரசே சுமார் 600 வல்லூறுகளைக் கொல்லவைத்தது. போருக்குப் பின் மெல்ல எண்ணிக்கை ஏறியது. 1954-ல் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆகவே பெருகியிருக்கும் என்று புறாக்காரர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

உண்மை என்ன என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு டெரெக் ராட்கிளிஃப் என்ற இளம் ஆய்வாளருக்கு வந்தது. சிறு வயதிலிருந்தே மலைப் பாறைகளில் வல்லூறுக் கூடுகளைத் தேடி அலைந்தவர் அவர். 1961-லும் 1962-லும் தன்னார்வலர்களின் துணையோடு நாடு முழுக்கப் பழைய கூட்டிடங்களைப் பார்த்தார். தெற்கு இங்கிலாந்தில் பாறைகள் கிட்டத்தட்டக் காலி. வடக்கே போகப் போகக் கொஞ்சம் பரவாயில்லை. இருந்த ஜோடிகளிலும் பல குஞ்சு பொரிக்கவில்லை. 1963-ல் எண்ணிக்கை போருக்கு முன் இருந்ததில் 44 சதவீதமாகிவிட்டது.

பெருகிவிட்டது என்று கொடுத்த மனுவே அது அழிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கக் காரணமானது. அந்த மனு வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் போயிருக்குமோ! ஸ்பாரோஹாக் என்ற இன்னொரு சிறு வேட்டைப்பறவையும் இதே காலத்தில் கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துபோயிருந்தது. இவை இரண்டும் கோதுமை தின்பதில்லை. கோதுமை தின்ற பறவைகளைத் தின்கின்றன.

முட்டை ஓடு சொன்ன சாட்சி

ராட்கிளிஃபுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. 1950-களின் தொடக்கத்திலிருந்தே கூடுகளில் உடைந்த முட்டைகளைப் பார்த்து வந்தார். தாய்ப்பறவையே உடைத்தது போலிருந்தது. இதைப் பற்றி 1958-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஒருவேளை ஓடு மெலிந்துவிட்டதோ? அப்படியானால் முன்பு எவ்வளவு கனமாக இருந்தது என்று தெரிய வேண்டுமே. முப்பது வருடத்துக்கு முந்தைய முட்டைக்கு எங்கே போவது?

பதில் முட்டை சேகரிப்பவர்களின் பெட்டிகளில் இருந்தது. இங்கிலாந்தில் காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுத்து, துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டை மட்டும் பெட்டியில் அடுக்கிவைப்பது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. பறவைகளுக்கு அது பெரிய தொல்லை. 1954 சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனால் அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு முட்டைக்கும் இடமும் தேதியும் எழுதியிருந்தது.

ராட்கிளிஃப் அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த ஓடுகளை எடை போட்டார். பெரிய முட்டைக்கு ஓடும் கனமாகத்தானே இருக்கும்? அதனால் எடையை நீளம், அகலம் இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்து ஒரு குறியீட்டெண் கண்டார். 1967-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. பல பத்தாண்டுகளாக ஒரே அளவில் இருந்த ஓட்டின் எடை, 1947 வாக்கில் திடீரென்று இறங்கியிருந்தது. பொரி வல்லூறில் இந்த இறக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டி.டி.டி. பொதுப் பயன்பாட்டுக்கு வந்த காலமும் அதுவே. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹிக்கி, ஆண்டர்சன் இருவரும் அங்குள்ள முட்டைகளிலும் இதையே கண்டார்கள். டி.டி.டி. உடலுக்குள் மாறி உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள் ஓட்டில் சுண்ணாம்பு சேர்வதைத் தடுக்கிறது என்று பின்னர் உறுதியானது.

ஆனால் ஓடு மெலிந்தது 1947-ல். பிரிட்டனில் எண்ணிக்கை சரிந்ததோ 1956-க்குப் பிறகு. இந்த இடைவெளியைப் பின்னாளில் இயன் நியூட்டன் போன்றவர்களின் ஆய்வு விளக்கியது. டி.டி.டி. குஞ்சுகள் பிறப்பதைக் குறைத்தது. ஆனால் வளர்ந்த பறவைகளையே நேரடியாகக் கொன்று கூட்டத்தைச் சரித்தவை பெரும்பாலும் ஆல்ட்ரின், டீல்ட்ரின் வகை. அதாவது, ஈக்கும் கம்பிப்புழுவுக்கும் விதையில் வைத்த அதே விஷம்.

திரும்பி வந்தவை

விஷம் ஒரே நாளில் போகவில்லை. 1960-களின் நடுவில் ஆட்டுக்கு ஊற்றும் மருந்து உட்படப் பல பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. இலையுதிர் கால விதை நேர்த்தி 1970-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அதற்குப் பதிலாக வந்த கார்போபினோதியான் என்ற மருந்து அந்தப் பத்தாண்டிலேயே ஸ்காட்லாந்தில் குளிர்காலம் கழிக்க வந்த காட்டு வாத்துகளை நூற்றுக்கணக்கில் கொன்றது. மருந்தின் பெயர் மாறினாலும் தவறு மாறவில்லை.

இருந்தாலும் ஒவ்வொரு தடைக்கும் பலன் தெரிந்தது. முதலில் வடக்கிலும் மேற்கிலும், கடைசியாகக் கோதுமை விளையும் கிழக்கிலும் வேட்டைப்பறவைகள் திரும்பி வந்தன. 2014-ல் எடுத்த கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் 1,769 ஜோடிப் பொரி வல்லூறுகள் இருந்தன. போருக்கு முன் இருந்ததை விட இது அதிகம். லண்டனின் உயரமான கட்டடங்களில் கூட இன்று அவை கூடு வைக்கின்றன.

எல்லாப் பறவைக்கும் அப்படி அமையவில்லை. ஆங்கிலக் கவுதாரியின் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் பூச்சிதான் சாப்பாடு. களைக்கொல்லி அடித்ததும் களை போனது, களையில் வாழ்ந்த பூச்சியும் போனது, குஞ்சுகள் பசியால் செத்தன. 1968-லிருந்து சஸெக்ஸ் பகுதியில் டிக் பாட்ஸ் நடத்திய நீண்ட ஆய்வு இதைக் காட்டியது. இந்தக் கவுதாரிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. இங்கே எந்தப் பறவையின் உடலிலும் விஷம் தேட வேண்டியதில்லை. வெறும் வயிறுதான் சாட்சி.

கம்பிப்புழு என்ன ஆயிற்று? அது எங்கும் போகவில்லை! 1990-களிலிருந்து நியோனிகோடினாய்டு என்ற புதிய வகை மருந்துகள் விதை நேர்த்திக்கு வந்தன. தேனீக்களுக்கு அவை கேடு என்று தெரிந்ததும் 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றில் முக்கியமான மூன்றை வெளிவயல்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. இப்போது விவசாயிகள் மண்ணில் தீனி புதைத்துப் புழுக்களை எண்ணுகிறார்கள். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து ஆண் வண்டுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து எந்த வயலில் என்ன போடுவது என்று முடிவு செய்கிறார்கள். 1939-ல் மண்ணை அலசிச் செய்த அதே வேலை!

நானூறு வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விலைக்கு வாங்கிய மருந்தும், கொடுத்த பென்னியும், விளைந்த கோதுமையும் எப்போதும் புத்தகத்தில் ஏறின. புழு தின்ற ரூக்கும், விதை தின்ற புறாவும், உடைந்த முட்டையும் ஏறவில்லை. ஏறாத அந்தச் செலவைப் பிற்காலத்தில் எழுதி முடித்தவர்கள், செத்த பறவையைப் பொட்டலம் கட்டி அனுப்பிய கிராமத்து மக்களும், பாறை பாறையாக ஏறிக் காலிக் கூடுகளை எண்ணியவர்களும், தராசில் முட்டை ஓட்டை வைத்துப் பார்த்த ஒரு மனிதரும்தான். அந்தப் பழைய முட்டைப் பெட்டிகளில் யாரோ ஒருவர் தேதி எழுத மறந்திருந்தால் அந்தத் தராசும் ஒன்றும் சொல்லியிருக்காது.